நீலப் புள்ளிப் பைத்தியம்

கிரிக்கெட் பைத்தியம், சினிமா பைத்தியம் எல்லாம் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். நான் நீலப் புள்ளிப் பைத்தியம். செல்போனில் மேப்பைத் திறந்ததும் நாம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன நீல வட்டம் வந்து உட்காருகிறதே, அதைத்தான் சொல்கிறேன். ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே போனாலும் என் கை முதலில் அதைத்தான் தேடும். யாராவது ‘லொக்கேஷன் அனுப்பு’ என்று கேட்டால் எனக்கு அன்றைக்கு விருந்து. “வீட்லதான இருக்கோம், அப்புறம் எதுக்கு மேப்பைப் பாத்துட்டு இருக்கீங்க?” என்று என் மனைவி கேட்பாள். வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் கைப்பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலானவர்கள் சொல்வது, ‘மேலே சாட்டிலைட் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது’ என்று. இல்லவே இல்லை! அந்தச் செயற்கைக்கோளுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. அது தன்பாட்டுக்கு ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று அறிவித்துக்கொண்டே போகிறது. ஃபோன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். பதில் பேசுவதில்லை. அதனால்தான் எத்தனை கோடிப் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் மேலே நெரிசல் இல்லை, யாருக்கும் பில் வருவதில்லை.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பது அடுத்த பொய். இதை உடைத்துக் காட்டுவதில் எனக்கு அலாதி சந்தோஷம். கொல்லிமலைக்குப் போகும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகள். டவர் வரும், போகும், ஒரு கட்டத்துக்கு மேல் சுத்தமாகப் போய்விடும். அப்போது ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, லொக்கேஷனை மட்டும் விட்டுவைத்து, மேப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பின்னணியில் சாலை கிடையாது, ஊர்ப்பெயர் கிடையாது, வெறும் சாம்பல் நிறக் கட்டம். அந்தக் கட்டத்தின் மேல் நீலப் புள்ளி மட்டும் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும்! நெட் வேண்டியது படத்துக்குத்தான், புள்ளிக்கு இல்லை. மலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பகுதி மேப்பை டவுன்லோடு செய்து வைத்திருந்தால் சாலையும் கிடைத்துவிடும்.

சரி, கேட்பதை வைத்து இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கன்னியாகுமரிக் கடற்கரையின் பழைய மீனவர்கள் நடுக்கடலில் மீன் கூடும் பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, மறுபடி கண்டுபிடிக்கக் கரையைத்தான் பார்த்தார்கள். ஒரு மலை முகடும் ஒரு கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும், இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி அதேபோலத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைந்தால் வள்ளம் பாருக்கு மேலே நிற்கிறது. இடம் தெரிந்த பொருள்களை வைத்து நம் இடத்தைத் தெரிந்துகொள்வது என்ற அந்த அறிவேதான் ஜிபிஎஸ்ஸிலும் இருக்கிறது. அவர்களுடைய மலை நின்ற இடத்தில் நிற்கும். ஜிபிஎஸ்ஸின் கோபுரங்களோ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர் வேகத்தில், நாளைக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றுகின்றன.

அங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலை ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் நம் கைக்கு வந்து சேர்கிறது. கிளம்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் கழித்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். கேட்க எளிதாக இருக்கிறதா? கணக்கில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும், அதாவது நீங்கள் அடுத்த தெருவில் இருப்பீர்கள். அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் ஃபோனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். பிறகு எப்படி? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம். நீளம், அகலம், உயரம் என்று தெரியாதவை மூன்று. நான்காவதாக, ‘என் கடிகாரம் எவ்வளவு தப்பு’ என்பதையும் தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு ஃபோன் நான்காவது செயற்கைக்கோளையும் கேட்கிறது. நான்கு சமன்பாடு, நான்கு விடை. இடம் கிடைக்கிறது, கூடவே அணுக் கடிகாரத்தின் நேரமும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சமன்பாடுகளைச் சபித்துக்கொண்டே போட்ட அத்தனை பேரும் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், நம்பச் சிரமமாக இருக்கும். ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நமக்கான சிக்னலை அனுப்பச் செலவழிப்பது வீட்டு சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரம் அளவுக்குத்தான். அது இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி, பாதி உலகத்தின் மேல் பரவி, நம் கைக்கு வரும்போது என்ன மிஞ்சும்? ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி ஒரு கோடிப் பங்காக்கினால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. ஃபோனின் சொந்த மின்னணு இரைச்சலே அதைவிட அதிகம். அந்த இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடப்பதைத்தான் ஃபோன் தோண்டி எடுக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 இலக்கம் கொண்ட தனிக் குறியீடு உண்டு. அதை விநாடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஃபோனிடம் அத்தனை குறியீடுகளின் நகலும் இருக்கிறது. வருகிற இரைச்சலின் மேல் நகலை வைத்துச் சற்றே நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறது. பொருந்தாதவரை ஒன்றுமில்லை. சரியாகப் பொருந்தும் கணத்தில் திரும்பத் திரும்ப வந்தவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கூடி மேலே எழும்பும், தாறுமாறான இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கிவிடும். எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே தாமதமும் தெரிந்துவிடுகிறது. இத்தனையும் அரிசி மணி அளவுச் சில்லுக்குள், நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது!

ஐன்ஸ்டைனும் உள்ளே இருக்கிறார். வேகமாகப் போவதால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோ விநாடி முந்தும். கூட்டிக் கழித்தால் நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்தல். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். எனவே கடிகாரத்தை ஏவும் முன்பே அந்த அளவுக்கு மெதுவாக்கி அனுப்புகிறார்கள். சார்பியல் கோட்பாடு யாருக்குப் பயன் என்று கேட்பவர்களிடம், பிரியாணி டெலிவரி கொண்டுவரும் தம்பிக்கு என்று நான் சொல்வது வழக்கம்.

இதெல்லாம் ஸ்புட்னிக்கிலிருந்து தொடங்கியது. 1957 அக்டோபரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் அந்த சோவியத் செயற்கைக்கோளின் பீப் ஒலியைக் கேட்டு, அதன் அதிர்வெண் மாறுவதை வைத்தே அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். நாம் நிற்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகிறது, கோளின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியாதா என்று அவர்களுடைய தலைவர் ஃபிராங்க் மெக்ளூர் அடுத்த ஆண்டு திருப்பிக் கேட்டார். விதை அதுதான். ஜிபிஎஸ்ஸின் முதல் செயற்கைக்கோள் 1978இல் மேலே போனது. 1983இல் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, இது பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். நூறு மீட்டர் வரை அலைக்கழிக்கும். 2000 மே மாதம் அதிபர் கிளின்டன் அதை நிறுத்தினார். அந்த ஒரு ராத்திரி இல்லாவிட்டால் இன்றைய கால் டாக்சி ஏது?

பழைய ஜிபிஎஸ் கருவிகளை மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காரணம், செயற்கைக்கோள் தன் தகவலை அனுப்பும் வேகம் விநாடிக்கு வெறும் 50 பிட். அந்த ஒரு கோளின் துல்லியமான பாதை வந்து சேர அரை நிமிடம். மொத்தக் கூட்டத்தின் பட்டியலும் வர பன்னிரண்டரை நிமிடம். இன்று ஃபோன் திறந்த உடனே புள்ளி வருகிறதென்றால், அதே பட்டியலை மொபைல் நெட் வழியாக ஒரு நொடியில் வாங்கிக்கொள்வதால்தான். ‘ஏ-ஜிபிஎஸ்’ என்று ஃபோன் பெட்டியில் போட்டிருப்பது இந்த உதவியைத்தான். மலையில் ஃப்ளைட் மோடில் புள்ளி வரச் சற்று நேரம் எடுத்தால் திட்டாதீர்கள், அது ஐம்பது பிட் வேகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறது.

நாம் ஜிபிஎஸ் என்று ஒரே பெயரில் கூப்பிடுவது இப்போது ஒரு பெரிய கூட்டம். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ. நம்முடையது நாவிக். அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மற்றவை உலகம் முழுவதையும் பார்த்துக்கொள்ள, நாவிக் கோள்கள் அத்தனையும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நம் பகுதியை விட்டு அகலாமல் நிற்கின்றன. கஷ்டங்களும் பட்டது. இறக்குமதி செய்த அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே 29 அன்று போன என்விஎஸ்-01இல்தான் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் ஏறியது. 2025 ஜனவரியில் அடுத்த கோள், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போயும், நினைத்த சுற்றுப்பாதையைச் சேரவில்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் என் ஃபோனில் செயற்கைக்கோள்களைக் காட்டும் ஆப்பில் இந்தியக் கொடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு எழும்பும்போது வரும் கர்வத்தை என்னவென்று சொல்ல!

நாவிக் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்குத் தேசபக்தியைத் தாண்டியும் காரணம் உண்டு, அது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் பூமத்திய ரேகைப் புவி இயற்பியல் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் அயனி மண்டலம் சேட்டைக்காரப் பிள்ளை. சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் அதில் குமிழிகள் கிளம்பி, சிக்னலை நடுங்க வைக்கும். சாதாரண நாட்களிலும் அலையைத் தாமதப்படுத்திப் பல மீட்டர் பிழை உண்டாக்கும். ஆனால் அந்தத் தாமதம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். எனவே இரண்டு அதிர்வெண்ணில் கேட்டால் வித்தியாசத்தை வைத்துப் பிழையைக் கழித்துவிடலாம். 2018இல் வந்த ஷாவ்மி மி 8தான் இப்படி எல்1, எல்5 என்று இரண்டிலும் கேட்ட முதல் ஃபோன். நாவிக் தொடக்கத்திலிருந்தே எல்5இல் பேசுகிறது.

சரி, வானமே தெரியாத இடத்தில்? சென்னை மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை பூமிக்கு அடியில் போகும்போது வேடிக்கை பார்ப்பதற்காகவே நான் ஏறுவது உண்டு. புள்ளி வழுக்கிக்கொண்டு போகாது. நிற்கும், யோசிக்கும், பெரிய வட்டமாக ஊதும், திடீரென்று அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவும். சின்னமலைக்கு வெளிச்சத்தில் ஏறியவுடன் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இருந்தவரை அது ஊன்றி வந்தது வேறு கோல்கள்.

முதல் கோல் செல்போன் டவர். ஒவ்வொரு டவருக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண் கேட்கிறதோ அதன் பக்கத்தில்தான் இருக்கிறோம். பக்கத்தில் என்றால் நகரத்தில் சில நூறு மீட்டர், வயல்காட்டில் சில கிலோமீட்டர். 2000களின் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளை நோக்கியாவில் ‘செல் இன்ஃபோ’வுக்குப் போய் 50 என்று சேனல் எண் போட்டால் திரையில் ‘அடையாறு’, ‘மயிலாப்பூர்’ என்று ஏரியா பெயர் தானாக மாறிக்கொண்டே வருமே, நினைவிருக்கிறதா? என் பைத்தியம் அங்கே ஆரம்பித்ததுதான். சிக்னல் போய்வரும் நேரத்தையும் டவர் அளக்கும். பழைய 2ஜியில் அந்த அளவுகோலின் ஒரு படி சுமார் 550 மீட்டர், 4ஜியில் சுமார் 78 மீட்டர். கூகுள் மேப்ஸ் 2007 நவம்பரில் ஜிபிஎஸ் இல்லாத ஃபோன்களுக்கும் இடம் காட்டத் தொடங்கியது இந்த டவர்களை நம்பித்தான்.

அடுத்தது வைஃபை. என் கணக்கில் மொத்தக் கதையின் நாயகன் இதுதான். உங்கள் வீட்டு ரவுட்டர் விநாடிக்குப் பத்து முறை தன் பெயரையும், உலகத்தில் வேறெதற்கும் இல்லாத தன் முகவரி எண்ணையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பாஸ்வேர்டு வேண்டாம், இணைய வேண்டாம், தெருவில் போகிற எந்த ஃபோனுக்கும் அது கேட்கும். 2003இல் பாஸ்டனில் தொடங்கிய ஸ்கைஹூக் என்ற நிறுவனம் ஊர் ஊராக, தெருத் தெருவாகக் கார் ஓட்டி, எந்த ரவுட்டர் எந்த இடத்தில் கேட்கிறது என்று பட்டியல் எடுத்தது. 2007இல் வந்த முதல் ஐபோனில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. 2008 ஜனவரியில் அது இடம் காட்டத் தொடங்கியது இந்தப் பட்டியலும் டவர் பட்டியலும் சேர்ந்துதான். இன்றைக்குக் கார்கூட வேண்டாம். நம் ஃபோன்களே போகிற வழியில் ரவுட்டர்களைக் கேட்டு, தங்கள் இடத்தோடு சேர்த்து அனுப்பிவைக்கின்றன. தி.நகர் ரங்கநாதன் தெருவில் வானம் ஒரு கீற்றுதான் தெரியும், ஆனால் கடைக்குக் கடை ரவுட்டர். அங்கே புள்ளி சரியாக நிற்பதற்குக் காரணம் விண்வெளி இல்லை, பாத்திரக்கடையும் புடவைக்கடையும்தான்!

எங்கள் மாடியில் குடிவந்த மதுரைக்காரர் ஒருவர், “சார், வீட்டுக்குள்ள இருந்தா மேப்பு என்னை மதுரையிலயே காட்டுது, வாசலுக்கு வந்தா சென்னைங்குது” என்று குழம்பிப்போய் வந்தார். எனக்கு ஒரே குஷி. பழைய வீட்டு ரவுட்டரைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார். பட்டியலில் அதன் முகவரி இன்னும் மதுரைதான். சில நாட்களில் தானாகத் திருந்திவிட்டது. உங்கள் ரவுட்டர் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டாம் என்றால் வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் ‘நோமேப்’ என்ற ஆங்கில எழுத்துகளும் சேர்த்துவிடுங்கள், கூகுளும் ஆப்பிளும் விட்டுவிடும். வைஃபையை அணைத்து வைத்தாலும் லொக்கேஷனுக்காக ஃபோன் காது கொடுக்கும் வசதி செட்டிங்ஸில் தனியாக இருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவையுங்கள். ரசிகன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளத் தேவையில்லை.

டவரும் வைஃபையும் கூட இல்லாவிட்டால் ஃபோன் தன் உடம்பையே நம்பும். முடுக்கமானி நம் காலடிகளை எண்ணும், சுழல்மானி திரும்பியதைச் சொல்லும், காந்தமானி வடக்கைக் காட்டும். சில ஃபோன்களில் காற்றழுத்தமானியும் உண்டு. சென்னைக் கடற்கரையில் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும் அந்த எண், ஊட்டியில் எண்ணூறுக்குக் கீழே இறங்கிவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு மாடி ஏறினாலே 0.3, 0.4 என்று குறைவதைப் படிக்கட்டில் நின்று பார்க்கலாம். நான் பார்க்கிறேன், அக்கம்பக்கத்தார் என்னைப் பார்க்கிறார்கள்.

இவை அத்தனையும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. டவர் ஒன்று சொல்லும், வைஃபை ஒன்று சொல்லும். கட்டடத்தில் மோதி எதிரொலித்து வந்த ஜிபிஎஸ் சிக்னல் கூடுதல் தூரத்தைக் காட்டி, “சார், லொக்கேஷன் அடுத்த தெருவுல காட்டுதே” என்று ஆட்டோக்காரரை ஃபோன் செய்ய வைக்கும். யாரை எவ்வளவு நம்புவது என்று ஒவ்வொரு நொடியும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லும் கணிதத்தை ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்டார். அப்பல்லோ விண்கலம் நிலவுக்கு வழி பார்த்ததும் அதை வைத்துத்தான். இங்கே நான் மிகவும் மதிக்கும் விஷயம், புள்ளியைச் சுற்றி வரும் அந்த வெளிர்நீல வட்டம். ‘இதுக்குள்ள எங்கேயோதான் இருக்கேன், இதுக்கு மேல எனக்குத் தெரியாது’ என்கிறது அது. ஆண்ட்ராய்டின் கணக்கில், நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு 68 சதவீதம். தன் அறியாமையை இவ்வளவு கச்சிதமாக அளந்து சொல்லும் இன்னொரு சாதனத்தை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்று ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு என்றால் ‘ஜிபிஎஸ்டெஸ்ட்’ போன்ற ஓர் இலவச ஆப்பைப் போட்டு, ஃப்ளைட் மோடை ஆன் செய்து, லொக்கேஷனை மட்டும் விட்டுவைத்துக் காத்திருங்கள். எந்த நாட்டுக் கோள் எந்தத் திசையில் நிற்கிறது என்று கொடியோடு வரிசையாக வரும். ஐபோன் இந்த விவரத்தை வெளியே காட்டுவதில்லை, பக்கத்து வீட்டு ஆண்ட்ராய்டை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஃபோன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிற அதே மூச்சில், எல்5 உண்டா, நாவிக் எடுக்குமா, காற்றழுத்தமானி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடைக்காரத் தம்பி முழிப்பார். பரவாயில்லை, விவரப் பட்டியலை வாங்கி நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.